கறுப்புச் சதுரத்தில் ஒரு கொடி

கேள்வி: பழைய நில அளவை வரைபடத்தில் மலையும் ஆறும்தானே இருக்கும்? ஊர்மக்களைப் பற்றி அது என்ன சொல்லிவிடும்?

பதில்: ஊரே கலைந்த பிறகும் சொல்லும்! அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்விஃப்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பழைய வரைபடங்களைப் பாருங்கள். கறுப்புச் சதுரம் வீடு. சதுரத்தின்மேல் கொடி இருந்தால் பள்ளிக்கூடம். சிலுவை இருந்தால் தேவாலயம். பிள்ளைகள் எவ்வளவு தூரம் நடந்து படிக்கப் போனார்கள் என்பதை அளவுகோல் வைத்தே அளந்துவிடலாம். சம உயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு. அங்கே வீடுகள் அருகும். பள்ளத்தாக்கில் ரயில்பாதை, அதையொட்டி ஊர்கள். பிழைப்பு எங்கே நடந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

பாஸ்டன் நகரத்தின் தாகத்துக்காக அங்கே குவாபின் நீர்த்தேக்கம் வந்தது. டானா, என்ஃபீல்ட், கிரீன்விச், பிரெஸ்காட் ஆகிய 4 ஊர்களும் 1938 ஏப்ரல் 28 அன்று சட்டப்படி கலைக்கப்பட்டன. கல்லறைகளைக்கூடப் பெயர்த்து வேறிடம் கொண்டுபோனார்கள்.

புதிய வரைபடத்தில் நீலத்துக்கு நடுவே தீவுகள் தெரிகின்றன. பழையதில் அவை மலைகள். நகரம் தண்ணீர் குடிக்க யார் வீட்டை இழந்தார்கள் என்பதை இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் முழுமையாகப் புரிந்துகொள்ள முடியும்.

1884 முதலான இத்தகைய வரைபடங்களை அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாகவே இணையத்தில் தருகிறது. ஒன்றை விரித்து, முதலில் கொடிகளைத் தேடுங்கள்.