பேரனுக்கு வயதாகிவிட்டதாம்

பெறுநர்: எமுலேட்டர் ஏற்றிய எஸ்டி கார்டு விற்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பெருமதிப்பிற்குரிய சேவைப் பிரிவினருக்கு,

தங்கள் பதில் கண்டு மெய்சிலிர்த்தேன். புது அப்டேட் போட்டதிலிருந்து பிபிசி மைக்ரோ எமுலேட்டரில் 'எலைட்' விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது என்று எழுதியிருந்தேன். "போர்டு பழசு. 8 ஜிபி மாடல் வாங்கவும்" என்று ஒரே வரியில் தீர்ப்பு. கூடவே தள்ளுபடிக் கூப்பன் வேறு. என்ன கருணை!

பிபிசி மைக்ரோ கணினி 1981-இல் பிறந்த தாத்தா. 2 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி நினைவகம். 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்து உட்கார்ந்தவர். என்னிடம் இருக்கும் ராஸ்பெரி பை 2012 மாடல், 700 மெகாஹெர்ட்ஸ். பேரன். பேச்சுக்குச் சொல்லவில்லை, தாத்தாவைப் பெற்ற ஏகார்ன் நிறுவனத்தில்தான் பேரனை இயக்கும் ஆர்ம் பிராசசரும் பிறந்தது. சோஃபி வில்சன் அதன் மாதிரியை பிபிசி பேசிக்கில் எழுதித்தான் ஓட்டிப் பார்த்தார். ரத்த சொந்தம். அந்தப் பேரன் தாத்தாவைவிடக் கிழவனாகிவிட்டான் என்று கண்டுபிடித்த பெருமை தங்களையே சேரும். தாத்தாவின் 32 கேபியைச் சுமக்க 8 ஜிபி தோள் வேண்டுமாம். 2,62,144 மடங்கு!

தாத்தாவைத் தூக்குவதில் பேரனுக்குச் சிரமமே இல்லை என்பது தங்களைப் போன்ற மேதைகளுக்குத் தெரியாததா? எலைட்டில் விண்வெளி இருக்கும் மேல்பகுதி ஒரு திரை மோடில், கீழே டாஷ்போர்டு இன்னொரு மோடில். ஒரு பிரேம் பாதியில் இருக்கும்போதே மோட் மாறும். அதனால் எமுலேட்டர் வரி வரியாக வரைந்தாக வேண்டும். அதையும் பேரன் முணுமுணுக்காமல் செய்கிறான். மூச்சு வாங்குவது, வரைந்த சின்னப் படத்தை 1920 × 1080 ஆக இழுக்கும்போதுதான். வீடியோகோர் சிப்பில் அதற்கென்றே ஒரு ஸ்கேலர் இருக்கிறது. தங்கள் பழைய இமேஜில் டிஸ்ப்மேன்எக்ஸ் என்ற பழைய திரை இடைமுகம் வழியாக அதுதான் இழுத்தது. புது இமேஜில் அதற்குப் பதிலாகக் கேஎம்எஸ் என்ற திரை டிரைவர் வந்திருக்கிறது. நல்ல டிரைவர்தான், ஸ்கேலர் அதிலும் கிடைக்கும். எமுலேட்டரை அதற்கேற்ப மாற்ற மட்டும் தங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். ஆகவே நொடிக்குப் பத்துக் கோடிக்கும் மேலான பிக்சல்களைச் சிபியுவே எழுதுகிறது. பிக்சலுக்கு ஏழு கிளாக் சைக்கிள்கூடத் தேறாது, அதற்குள் தாத்தாவையும் கவனிக்க வேண்டும்.

கான்ஃபிக் கோப்பில் 720 × 576, 50 ஹெர்ட்ஸ் கேட்டு நான் போட்டு வைத்திருந்த எச்டிஎம்ஐ குரூப் 1, மோட் 17 வரிகளை உங்கள் இமேஜ் சீண்டவே இல்லை. பிழை என்று ஒரு வார்த்தை? கிடையாது. அப்டேட் குறிப்பில் ஒரு வரி? அதுவும் கிடையாது. பழைய போர்டில் ஒருமுறை ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்காமலே "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று அச்சடித்து விற்கிறீர்கள். ஓடவில்லை என்றால் இன்னும் காசு கேட்கிறீர்கள். இதற்கு வேறு பெயர் இருக்கிறது.

தங்கள் சந்நிதானத்தில் குரல் உயர்ந்துவிட்டது, திருவுளம் இரங்க வேண்டும்.

தங்கள் மேலான பார்வைக்கு ஒரு விண்ணப்பம். சிஎம்டிலைன் கோப்பில், புது வரி தொடங்காமல் இருக்கிற வரியின் வாலிலேயே, வீடியோ மோடை அதே 720 × 576, 50 ஹெர்ட்ஸ் என்று சேர்த்தேன். பிக்சல் கணக்கு அப்படியே ஐந்தில் ஒன்றாகிவிட்டது. தாத்தாவும் 50 ஹெர்ட்ஸ் காலத்து ஆள். 60 ஹெர்ட்ஸில் டிவி காட்டிய துள்ளலும் நின்றது. எலைட் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, இதே கிழட்டுப் பேரன் மேல்தான்.

அந்த ஒரு சேர்க்கையைத் தங்கள் உதவிக் குறிப்பில் போடுங்கள். அடுத்த இமேஜிலாவது எமுலேட்டரை ஸ்கேலரோடு இணைத்துக் கட்டுங்கள். இரண்டும் முடியாதென்றால், அட்டைப்பெட்டியில் இருக்கும் "எல்லா மாடலுக்கும்" என்பதை அடித்துவிட்டு விற்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய போர்டு வாடிக்கையாளன்