சிப்பி வீட்டில் கரியமில வாயு

கடல் அமிலமாகிறது என்கிறார்களே, இனி கால் நனைக்கலாமா?

தாராளமாக! கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த பி.எச். அளவு இப்போது 8.1. ‘இவ்வளவுதானா’ என்று தள்ளிவிடாதீர்கள். அது மடக்கைக் கணக்கு. அமிலத்தன்மை கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது.

அப்படியானால் யாருக்குத்தான் கஷ்டம்?

வீடு கட்டுகிறவர்களுக்கு! அமெரிக்காவின் ஓரிகான் கரையில், விஸ்கி கிரீக் சிப்பிக் குஞ்சுப் பண்ணையில் 2007 வாக்கில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதலில் பழி விழுந்தது பாக்டீரியா மேல். கடல் விஞ்ஞானி பர்க் ஹேல்ஸ் குழுவினர் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் விஷயம் வெளிவந்தது: கரியமில வாயு மிகுந்து அமிலத்தன்மை கூடிய ஆழ்கடல் நீர் மேலே ஏறி வந்து, குழாய் வழியே தொட்டிக்குள் புகுந்திருந்தது. சிப்பிக் குஞ்சு பிறந்த இரண்டே நாளில் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும்; அப்படிப்பட்ட நீரில் அதற்குச் செலவு அதிகம். முட்டையிலிருந்து கொண்டுவந்த சேமிப்பை எல்லாம் அதிலேயே கரைத்துவிட்டுக் குஞ்சு என்ன செய்யும்? (வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குப் புரியும்.)

வைத்தியம்?

சலவைச் சோடா! தொட்டித் தண்ணீரில் அதைக் கலந்துதான் பண்ணை பிழைத்தது. பசிபிக்குக்கு எத்தனை மூட்டை வாங்குவது? நாம் வெளியே விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் இன்றும் விழுங்கிக்கொண்டிருக்கிறது.