வெத்தலை பாக்குதான் பாக்கி

"வெட்சி இருக்கா தம்பி?" என்று நர்சரியில் கேட்டேன். தமிழ் படித்த திமிர். பகைவரின் ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடும் பூ என்று தொல்காப்பியப் பாடத்தில் மனப்பாடம் செய்தது. பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அதெல்லாம் வர்றதில்ல சார்." சரி, வந்ததற்கு எதையாவது வாங்குவோம் என்று இட்லிப்பூச் செடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். இட்லிப்பூதான் வெட்சி என்று வீட்டுக்கு வந்தபிறகு கூகுள் சொன்னது.

தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதற்குச் சொந்த ஊர். சின்ன வயதில் இந்தப் பூவைப் பிடுங்கி, நடுவிலிருக்கும் இழையை உருவி, நுனியில் நிற்கும் ஒரு சொட்டுத் தேனை நீங்களும் உறிஞ்சியிருப்பீர்கள். உறிஞ்சத் தெரிந்தவனுக்கு வளர்க்கவும் தெரியும் என்பது என் கணக்கு.

காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் குழி தோண்டினேன். அரை அடியில் 'ணங்' என்றது. வீடு கட்டியபோது புதைத்துவிட்டுப் போன சிமென்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை, செங்கல் துண்டு. தண்ணீர் தேங்காமல் வடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதிலேயே நட்டேன். ஊற்றியது போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியுமே, அந்த ரகம்.

இரண்டே மாதத்தில் தளிரெல்லாம் மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை. யூடியூபில் ஒருவர் கால்சியம் குறைபாடு என்றார். தெருமுனை ஆம்லெட் கடையில் முட்டை ஓடு கேட்டு வாங்கி, மிக்ஸியில் பொடித்து, பிடிப் பிடியாகப் போட்டேன். அந்த மிக்ஸி ஜாரை என் மனைவி இன்றுவரை தொடவில்லை. செடியும் முட்டை ஓட்டைத் தொட்டதாகத் தெரியவில்லை.

உரக்கடைப் பெரியவர் இலையைப் பார்த்ததுமே, "அன்னபேதி வாங்கிட்டுப் போங்க" என்றார்.

"எனக்கு வயிறு நல்லாத்தாங்க இருக்கு. செடிக்குத்தான்..."

அன்னபேதி என்றால் இரும்பு சல்பேட்டாம். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். மண்ணில் சுண்ணாம்பு ஏறினால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது, தளிர் வெளுத்துப்போகும். நான் செய்ததையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "சுண்ணாம்புல நட்டு, சுண்ணாம்புத் தண்ணி ஊத்தி, மேல சுண்ணாம்பையே தூவியிருக்கீங்க. வெத்தலை பாக்குதான் பாக்கி."

லிட்டருக்கு 5 கிராம் கலந்து தெளிக்கச் சொன்னார். என் கை தாராளம். மூன்று ஸ்பூன் குவித்துப் போட்டேன். இலை கருகி உதிர்ந்தது. போர்ட்டிகோ டைல்ஸில் துருக்கறை. இலைகூடத் திரும்ப வந்துவிட்டது, கறை போகவில்லை.

கடைசியில் செடியைப் பெயர்த்து, செம்மண்ணும் தொழுவுரமும் மக்கிய இலையும் போட்டுத் தொட்டிக்கு மாற்றினேன். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். தளதளவென்று வந்தது. அத்தோடு விட்டேனா? புதுக் கத்தரி வாங்கி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஃபுட்பால் மாதிரி டிரிம் செய்தேன். இட்லிப்பூ கொத்து வைப்பது கிளை நுனியில். ஆறு மாதமாக நான் வெட்டிக்கொண்டிருந்ததும் அந்த நுனியைத்தான்.

கத்தரியை யாரோ இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தராததால் முதல் கொத்து பூத்தது. நாலே இதழ், நீளக் காம்பு, ரத்தச் சிவப்பு. காலை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போடலாம் என்று படுத்தேன்.

காலையில் வெறும் காம்பு நின்றது. சுவருக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு மாமி, கையில் பூக்குடலையோடு.

"உங்காத்துல ஒரே ஒரு கொத்துதான் இருந்தது. பறிச்சுண்டேன். முருகனுக்கு வெட்சின்னா ரொம்ப இஷ்டம், தெரியுமோ?"

ஆநிரை போயிற்று. மீட்கப் போகிறவன் கரந்தைப் பூச் சூட வேண்டும் என்று அதே பாடத்தில் இருக்கிறது. அந்த நர்சரிப் பையனிடம் போய்க் கேட்கத்தான் தைரியமில்லை.