காகிதப்பூவின் செம்மல் பருவம்: ஒரு சிறு விசாரணை

பூவின் வாழ்வைத் தமிழ் ஏழாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். இவற்றில் முதல் ஐந்தும் பூவின் ஏற்றத்துக்கு உரியவை. கடைசி இரண்டும் இறக்கத்துக்கு. வீ என்றால் உதிரும் பூ. செம்மல் என்றால் நிறம் மாறி வதங்கிக் கிடக்கும் பூ. கிரேப் பேப்பர், கம்பி, பச்சை டேப், பெவிகால் ஆகிய நான்கையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வீட்டில் செய்யும் பூவை இந்த வரிசையில் எங்கே நிறுத்துவது? அது எப்போதும் மலர் நிலையிலேயே நிற்கும், வாடாது என்பதே உலக வழக்கு. இக்கட்டுரையின் துணிபு அதற்கு மாறானது. காகிதப்பூ வாடுகிறது. எல்லாப் பூவையும் போல அதுவும் செம்மல் ஆகிறது. ஆனால் ஆகிவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை. நாம் வாடாத பூ என்று சொல்வதெல்லாம் அறிவிக்கப்படாத செம்மலைத்தான்.

முதலில் பொருட்சான்று. கிரேப் பேப்பர் என்பது சுருக்கம் வைத்த தாள். சுருக்கக் கோடுகள் ஓடும் திசையில் இழுத்தால் அசைந்து கொடுக்காது. குறுக்கே இழுத்தால் நீளும். ஆகவே, கோடுகள் இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடும்படி வெட்டி, இரு கட்டைவிரல்களையும் நடுவே வைத்து மெல்ல விரித்தால் இதழ் கிண்ணம்போலக் குழியும். நுனியைப் பென்சிலில் சுற்றி எடுத்தால் வெளிப்பக்கம் சுருளும். இதைத் தெரியாமல் கோடுகளைக் குறுக்காக விட்டு வெட்டியவரின் ரோஜா, எத்தனை பெவிகால் ஊற்றினாலும் முட்டைக்கோஸாகவே முடியும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் குழிவு தாளின் சுபாவம் அன்று. தாளை வற்புறுத்திப் பெற்றது. தாளோ ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஐப்பசி மழையில் காற்று நனைந்ததும் பிடித்துவைத்த வடிவம் தளர்கிறது, இதழ் தொங்குகிறது, கம்பி ஒரு பக்கம் சாய்கிறது. சாயமும் வெயிலுக்கு நிற்காது: ஜன்னலைப் பார்த்த பாதி இளஞ்சிவப்பாகவும் சுவரைப் பார்த்த பாதி பழைய சிவப்பாகவும் பிரிந்து, ஒரே பூ இரண்டு வயதில் நிற்கும். சிக்கனம் கருதிச் செய்தித்தாளில் செய்தவர்களுக்கு இன்னும் விரைவான பயன் கிட்டும். அந்தத் தாளின் மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் மிகுதி. வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பேறும். மைதாப் பசை கொண்டு ஒட்டியிருந்தால் மிச்சத்தை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். நிறம் மாறி, வதங்கி, கிடப்பது எதுவோ அதுவே செம்மல் என்பது இலக்கணமானால், இதில் எந்த உறுப்புக் குறைகிறது?

ஒன்று குறைகிறது என்பார் பரபக்கத்தார்: மணம். காகிதப்பூ மணக்குமா என்று மேடைகளில் கேட்டுப் பழகிய நாடு இது. மணம் இல்லாததைப் பூவென்று கொள்ளாதபோது, அதற்குச் செம்மல் பருவம் தேடுவானேன் என்பது அவர்கள் கடா. இதற்கு விடை பூக்கடையிலேயே முழம்போட்டு விற்கப்படுகிறது. கனகாம்பரத்துக்கும் மணம் கிடையாது. அதைப் பூவன்று என்று சொல்லும் துணிச்சல் எவருக்கும் வந்ததில்லை. அன்றியும் மணம் என்ற சொல்லுக்குத் திருமணம் என்றும் பொருள் உண்டு. வரவேற்பு மேடையின் பின்புறத்தை மூடி நிற்கும் தாள்பூக்களைக் கண்டவர்கள், காகிதப்பூவுக்கு மணத்தோடு தொடர்பில்லை என்று இனியும் வாதிக்க மாட்டார்கள். (இந்த இரண்டாம் விடை சிலேடை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் விடையே போதும்.)

அடுத்த கடா பெயரைப் பற்றியது. காகிதப்பூ என்றால் தமிழில் வேலியோரம் படரும் போகன்வில்லாவைத்தானே குறிக்கும், கையால் செய்ததை அப்பெயரால் அழைப்பது இரவல் அல்லவா என்பர். உண்மை நேர்மாறு. அந்தக் கொடி தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. பிரெஞ்சுக் கடலோடி போகன்வில் உலகைச் சுற்றிய பயணத்தில், 1767ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ பகுதியில் கம்மர்சன் என்ற தாவரவியலர் அதைச் சேகரித்தார். தலைவரின் பெயரே செடிக்கும் ஆயிற்று. நம் ஊருக்கு வந்து சேர்ந்த அந்தச் செடியைப் பார்த்தவர்கள், ஏற்கெனவே தாங்கள் அறிந்த ஒன்றைப் போல இருக்கிறது என்றுதான் காகிதப்பூ என்றார்கள். ஆகவே தமிழ்க் கண்ணுக்குத் தாள்தான் மூலம், செடிதான் நகல். அதோடு, அந்தச் செடியில் நாம் பூ என்று மயங்கும் வண்ணப் பகுதி பூவே அன்று. அது பூவடிச் செதில். மூன்று செதில்களுக்கு நடுவே குச்சிபோல வெளிறி நிற்பவைதாம் உண்மைப் பூக்கள், அவற்றை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வீட்டில் செய்த பூவில் இதழ் என்று ஒட்டியது இதழ்தான். நேர்மை எந்தப் பக்கம் என்று நடுநிலையாளர் முடிவு செய்துகொள்க.

இனி வழக்கின் நடு இடத்துக்கு வருவோம். இயற்கைப் பூ செம்மல் ஆனதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. நேற்று வைத்த மல்லிகை காலையில் தலையணையில் பழுப்பாகக் கிடக்கும், பெருக்கும்போது அதுவும் போய்விடும். சாமிப்படத்துப் பூவுக்கு மறுநாள் பூவே தீர்ப்பு எழுதுகிறது. காகிதப்பூவுக்கு அப்படி அடுத்த பூ இல்லை. அதன் ஆயுளை அளக்கச் சரியான நாள் போகி. வீட்டில் வேண்டாததை எல்லாம் வெளியே எடுத்து எரிப்பதற்கென்றே ஒரு நாள், எரிவதற்கென்றே பிறந்த தாள். இரண்டும் ஆண்டுதோறும் ஒரே வாசலில் சந்திக்கின்றன. இருந்தும் நடப்பது என்ன? பூச்சாடி ஷோகேஸிலிருந்து இறங்குகிறது. யாரோ ஒருவர் அதை வாசல்வரை கொண்டுபோய் வாயால் ஊதுகிறார். தூசி பறந்து ஒரு தும்மல் வருகிறது. ஓர் இதழ் உதிர்கிறது. இது ஐயத்துக்கிடமின்றி வீ பருவம். உதிர்ந்த இதழை ஒட்டுவதற்குப் பெவிகால் தேடுகிறார்கள், காய்ந்துபோயிருக்கிறது. இதழைச் சாடிக்குள்ளேயே போட்டுப் பழைய இடத்தில் வைத்துவிடுகிறார்கள். காரணம் எளியது. அந்தப் பூவைச் செய்தவர் மட்டுமே அதைக் கழிக்கத் தகுதி உடையவர், அவரோ பெரும்பாலும் அந்த வீட்டில் இல்லை. ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் செய்துவிட்டுக் கல்யாணமாகிப் போன பெண், பிறந்தகம் வரும்போது “இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?” என்கிறாள். அவள் அதைத் தீர்ப்பாகச் சொல்கிறாள். அம்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறாள். பூவுக்கு மேலும் ஓர் ஆண்டு கிடைக்கிறது.

தாள்பூவோ போலிப்பூவோ எல்லாமே இப்படித்தான், முடிவின்மையே அதன் சாதிக்குணம் என்று கருத வேண்டா. முடிவுநாள் குறித்துச் செய்த இடங்களில் அது மரியாதையாக முடிகிறது. போர்ச்சுகலில் கம்பு மயோர் என்ற ஊர் இருக்கிறது. அவ்வூர் மக்கள் தங்களுக்கு விருப்பம் வந்த ஆண்டில் மட்டும், தெருத் தெருவாகக் கூடிப் பல மாதம் தாள்பூ செய்து, தெருக்களுக்கே கூரைபோல வேய்ந்து விழா எடுக்கிறார்கள். யுனெஸ்கோ 2021இல் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விழா முடிந்தால் அந்தப் பூக்களின் காலமும் முடிந்தது. தெரு தன் பூவைத் தானே செம்மல் என்று அறிவித்துவிடுகிறது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தஞ்சை வட்டாரத்தில் மாட்டுப்பொங்கலுக்கு நெட்டியில் மாலை செய்கிறார்கள். நீர்நிலையில் வளரும் செடியின் தக்கையை வெட்டிச் சாயமேற்றிக் கோத்த மாலை அது. மாட்டின் கழுத்தில் போட்டால் அடுத்த மாடு அதைத் தின்னப் பார்க்கும். பொழுது சாய்வதற்குள் நார்தான் மிஞ்சும். செம்மல் பருவத்தை அறிவிக்க மாட்டைவிடத் தயக்கமற்ற அதிகாரி இல்லை. ஷோகேஸ் உள்ள வீட்டில் மாடு இல்லை என்பதே சிக்கலின் வேர்.

இது சிறுபிள்ளை வேலை, இதற்கு இவ்வளவு இலக்கணமா என்று முகம் சுளிப்போருக்கு ஒரு தகவல். இங்கிலாந்தின் மேரி டெலனி அம்மையார் வண்ணத்தாளை இதழிதழாக நறுக்கிக் கருந்தாளில் ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 72. பார்வை மங்கும்வரை ஏறத்தாழப் பத்தாண்டில் 985 பூக்கள் செய்து முடித்தார். அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கும் யாரும் தூக்கி எறியவில்லை என்பதைக் குறித்துக்கொள்க. வேறுபாடு, அங்கே தூசி தட்டச் சம்பளம் உண்டு.

இத்தனையும் ஒப்பினால், காகிதப்பூவுக்குத் தனித்திணை வகுப்பதில் தடையில்லை. நிலம்: ஷோகேஸும் ஷோகேஸ் சார்ந்த இடமும். முன்பு பெட்டி டிவியின் முதுகு இதன் செழிப்பான நிலமாக இருந்தது. டிவி தட்டையானதும் அந்த நிலம் ஒரே நாளில் அழிந்து, பூக்கள் பிரிட்ஜ் தலைக்குக் குடிபெயர்ந்தன. பெரும்பொழுது: வேனில், அதாவது முழுப்பரீட்சை முடிந்த பிறகு. சிறுபொழுது: பெரியவர்கள் உண்டு உறங்கும் நண்பகல். உணவு: மைதாப் பசை. விலங்கு: பல்லி. உரிப்பொருள்: தட்டலும் தட்டல் நிமித்தமும்.

செம்மல் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. பெருமைக்குரியவரையும் தமிழ் செம்மல் என்கிறது. வதங்கிய பூவுக்கும் வணங்கத்தக்க மனிதருக்கும் ஒரே சொல். நம் வீடுகளின் அமைப்பு இந்த இருபொருளையும் வெகுகாலமாக அறிந்தே வந்திருக்கிறது. அதனால்தான் வெளுத்துப்போன ரோஜாக்கள் நின்ற சாடியைக் குப்பைக்கு அனுப்ப மனமில்லாதபோது, அது கடைசியாகத் தாத்தாவின் படத்துக்குக் கீழே வைக்கப்படுகிறது. அங்கிருந்து அதை நகர்த்தும் பேச்சு பிறகு எழுவதே இல்லை.