வாசலில் நிற்கும் லிடியா

நேற்று ராத்திரி லிடியா மறுபடியும் வாசலில் நின்றாள்.

சும்மா நிற்கவில்லை. கையில் உருவிய வாள், முகத்தில் எந்தக் கவலையும் இல்லாத தெளிவு, இரண்டு கல்சுவருக்கு நடுவே ஒரு எலிகூட நுழைய முடியாதபடி ஒரு நிலை. எனக்குப் பின்னால் நெருப்பு. நெருப்புக்குப் பின்னால் கோடாலியோடு ட்ராகர் என்கிற நடைபிணக் கூட்டம். முன்னால் லிடியா. செத்தேன். கடைசி சேவ் எங்கே இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். உங்களுக்கும் அங்கேதான் இருந்திருக்கும்.

லிடியா குடியிருக்கும் ஸ்கைரிம் கேம் வெளிவந்தது 2011 நவம்பர் 11. 2016ல் மெருகேற்றி ஒரு பதிப்பு வந்தது. 2021ல் பத்தாம் ஆண்டு என்று இன்னொன்று. மலை பளபளத்தது, வெயில் மரத்துக்கு நடுவே கீற்றாக இறங்கியது, தூண்டில் போட்டு மீன் பிடிக்கக்கூட ஏற்பாடு செய்தார்கள். யார் கேட்டார்கள் மீன்? லிடியாவை இரண்டடி நகர்த்தியிருக்கலாம்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. ஓப்பன் வேர்ல்டு ஆர்பிஜியில் ஒரு நல்ல குவெஸ்ட் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கருத்து உண்டு. உருப்படியான கருத்து. அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்த வாசல் விவகாரத்தை மட்டும் முடித்துவிட்டு வருகிறேன், ரெண்டு நிமிஷம்.

காரணம் தெரியாமல் பேசவில்லை. அந்த உலகத்தின் தரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத முக்கோணங்களை விரித்திருக்கிறார்கள். நேவ்மெஷ் என்று பெயர். நம்மைத் தவிர எல்லோரும் அதன் மேல்தான் நடக்க வேண்டும். லிடியா மாதிரி நம் கூடவே வரும் ஃபாலோயருக்கு இட்ட கட்டளை எளியது: இவன் பின்னாலேயே போ, கொஞ்சம் தள்ளி நில். பெரிய மண்டபத்தில் நாம் நின்றால் ‘கொஞ்சம் தள்ளி’ என்பது மண்டபத்துக்குள்ளேயே ஓர் இடம். சின்ன அறை என்றால் ‘கொஞ்சம் தள்ளி’ என்பது வாசல். புதையல் பெட்டியை எவன் பெரிய மண்டபத்தில் வைக்கிறான்? ஆக, நாம் குனிந்து பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் வாசலுக்குப் போய்ச் சேர்வதுதான் முறை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

இதற்கு வைத்தியம் இல்லையா என்றால், இருக்கிறது. முதலில் முட்டிப் பார்க்கலாம். முட்டினால் அரை அடி பின்வாங்குவாள். ஆஹா என்று நாம் காலை எடுத்து வைப்பதற்குள் அதே அரை அடி திரும்பி வருவாள். அடுத்து, பேசிப் பார்க்கலாம். ‘இங்கேயே காத்திரு’ என்று ஒரு வசதி உண்டு. உடனே சம்மதிப்பாள். எங்கே காத்திருப்பாள்? இங்கேயே. வாசலில். நாம் சொன்ன பேச்சைத்தான் கேட்கிறாள், குறை சொல்ல முடியாது. மூன்றாவது, தள்ளி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி ‘அங்கே போய் நில்’ என்கிற கட்டளை. போவாள். ஆனால் சுட்டிக்காட்ட அந்த இடம் கண்ணில் பட வேண்டுமே? கண்ணுக்கும் அந்த இடத்துக்கும் நடுவில்தான் லிடியா இருக்கிறாள். வேறு வழியில்லாமல் அறைக்குள்ளேயே ஒரு மூலையைக் காட்டுவேன். உள்ளே வருவாள். இப்போது வாசல் காலி. ஆனால் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

கடைசி அஸ்திரம் ஃபுஸ் ரோ டா. மலை உச்சியில் தவம் கிடக்கும் கிழவர்கள் சொல்லிக்கொடுத்த குரல் வித்தை. என் ஆட்டத்தில் அது அதிகம் பயன்பட்டது கதவு திறக்கத்தான். கத்தினால் லிடியா பறப்பாள். கூடவே மேசைமேல் இருந்த தட்டு, முட்டைக்கோசு, நான் எடுக்க நினைத்த புத்தகம் எல்லாம் பறக்கும். போய் விழுந்தவள் எழுந்து, கோபமில்லாமல், ஓடி வந்து, வாசலில் நிற்பாள். கல்யாண வீட்டு வாசப்படியை அடைத்து நின்றுகொண்டு வருகிறவர்களை எல்லாம் ‘உள்ள போங்க, உள்ள போங்க’ என்று உபசரிக்கும் பெரியப்பாவுக்கு இருக்கும் அதே நல்லெண்ணம் அவள் முகத்திலும் இருக்கும். திட்டவும் வாய் வராது.

இதில் வீட்டு வாசல் தனிக் கதை. ஒயிட்ரன் நகரில் ஐயாயிரம் பொன் கொடுத்து ப்ரீஸ்ஹோம் என்ற வீட்டை வாங்கினேன். மாடியில் எனக்கு ஓர் அறை, பக்கத்தில் அவளுக்கு ஓர் அறை. அவளுடைய அறையில் நாற்காலி இருக்கிறது. ஆனால் கண் விழித்தால் என் அறை நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறாள். கேட்டால் என் சுமையைச் சுமக்கச் சபதம் எடுத்திருப்பதாகச் சொல்வாள். சொல்கிற தொனியைக் கேட்டிருக்கிறீர்கள். மாதக் கடைசியில் சொந்தக்காரருக்குக் கடன் கொடுக்கிறவர்கூட அவ்வளவு அலுத்துக்கொள்ள மாட்டார்.

குகைக்குப் போனால் தரையில் பொறி இருக்கிறது. அழுத்தினால் முள்கதவு வந்து முகத்தில் அறையும். நான் பார்த்துவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாகச் சுற்றி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் லிடியா நேர்வழியில் வருகிறாள். நானோ, உங்களில் பாதிப் பேரைப் போலவே, மந்திரவாதியாகத் தொடங்கி கடைசியில் இருட்டில் குந்தி வில் விடுகிறவனாக முடிந்தவன். குந்தி, குறிபார்த்து, நாணை இழுத்துப் பிடித்திருக்கும் அந்த நொடியில் அவள் வாளை ஓங்கிக்கொண்டு குறுக்கே ஓடுவாள். எதிரி அடித்தால் மண்டியிடுவாள். எதிரியும் பெருந்தன்மையாக அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்புவான். ஆனால் அந்த நேரம் பார்த்து நான் விட்ட நெருப்பு அவள்மேல் பட்டால் தீர்ந்தது. செத்துவிடுவாள். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அக்கா மகனிடம் புலம்பினேன். “மாமா, அதுக்கு ஒரு மாட் இருக்கு. போட்டா சரியாயிடும்” என்றான். போட்டேன். அந்த மாட் ஓட இன்னொரு மாட் வேண்டுமாம். அதைப் போட்டேன். இரண்டையும் எந்த வரிசையில் ஏற்றுவது என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று. இப்போது லிடியா வழிவிடுகிறாள். ஒயிட்ரன் சந்தையில் வியாபாரிகளுக்குத்தான் தலை இல்லை. “லோட் ஆர்டரை மாத்துங்க மாமா” என்கிறான். டேய், நான் ஆபீஸ் விட்டு வந்து விளையாட உட்கார்ந்தவன்டா.

மற்றவர்கள் இதைச் சரிசெய்யவில்லையா? செய்தார்கள். 2013ல் பயோஷாக் இன்ஃபினிட்டில் வந்த எலிசபெத் காலில் இடறியதே இல்லை. சண்டையில் அவளைக் காப்பாற்றவும் வேண்டாம், தோட்டா தீர்ந்தால் தூக்கிப் போடுவாள். அதே வருஷம் தி லாஸ்ட் ஆஃப் அஸ்ஸில் எல்லி, நாம் ஒளிந்திருக்கும்போது எதிரியின் மூக்குக்கு முன்னால் ஓடினாலும் அவன் கண்ணுக்குத் தெரிய மாட்டாள். அபத்தம்தான். எனக்கு அந்த அபத்தம் போதும். ‘அதெல்லாம் ஒரே பாதையில் போகிற கேம், ஓப்பன் வேர்ல்டு வேறு’ என்று சமாதானம் சொல்ல ஒருவர் வருவார். வரட்டும். வாசல் எல்லா உலகத்திலும் வாசல்தான். டிராகன்ஸ் டாக்மாவில் பான் என்கிற கூட்டாளிகளாவது நடக்கவிடுகிறார்கள், வாயைத்தான் மூட மாட்டார்கள். ஓநாய் கூட்டமாக வரும் என்பதை ஒவ்வோர் ஓநாய்க்கும் தனித்தனியாக நமக்குத் தெரிவிப்பார்கள்.

வாயைத் திறக்காமலே இம்சை பண்ணுகிறவர்களும் உண்டு. 2015ல் வந்த ஃபாலவுட் 4ல் நாம் எதைச் செய்தாலும் திரையின் மூலையில் ஒரு வரி தோன்றும்: இன்னாருக்கு இது பிடித்தது, இன்னாருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பூட்டை நெம்பித் திறந்தால் கூட வரும் பைப்பருக்கு மகிழ்ச்சி. அதே பூட்டை ஸ்ட்ராங்கோடு போகும்போது திறந்தால் முகச்சுளிப்பு. கோட்ஸ்வொர்த் என்ற ரோபோவோ, துப்பாக்கியில் ஒரு திருகு மாற்றினால் போதும், பூரித்துப்போகிறது. அதன் மனம் குளிர வேண்டுமே என்று தேவையில்லாத துப்பாக்கிக்கெல்லாம் புதுக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்த என் இரவுகளை நினைத்தால் எனக்கே பரிதாபமாக இருக்கிறது. உலகம் அழிந்து இருநூறு வருஷம் ஆகிறது. அப்போதும் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை போகவில்லை.

அப்புறம் பிரெஸ்டன் கார்வி. பெயரைக் கேட்டதும் பல்லைக் கடிக்கிறீர்கள் அல்லவா, நானும்தான். நம் வாழ்க்கைத்துணையைக் கண்ணெதிரே சுட்டுக் கொன்று, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். தேடிப் புறப்படுகிறோம். வழியில் இந்தத் தொப்பிக்காரரைக் காப்பாற்றித் தொலைக்கிறோம். ஒரு சின்ன வேலை சொல்கிறார், முடித்தால் ஜெனரல் பதவி. ஜெனரல் ஆனபின் என் வேலை என்னவென்றால், கட்டில் போடுவது, கைப்பம்பு நடுவது, தக்காளியும் உருளைக்கிழங்கும் கலந்த ஏதோ ஒரு செடியைப் பயிரிடுவது. கட்டில் குறைந்தால் குடியிருப்பு மக்கள் மனம் கோணுகிறார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்தவன் மனம் கோணினால் கேட்க நாதியில்லை. ஒன்றை முடித்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் சும்மா நின்றால் போதும், நாம் கேட்காமலே அடுத்த குடியிருப்புக்கு ஆபத்து என்று ஆரம்பிப்பார். இதற்கு முடிவே கிடையாது. அந்த வேலைகளை மனிதர் யாரும் எழுதுவதில்லை, இடத்தையும் எதிரியையும் மாற்றி மாற்றிப் போட்டு மென்பொருளே சமைத்துக்கொள்ளும். ஸ்கைரிமில் ரேடியன்ட் குவெஸ்ட் என்று இதைப் பெருமையாக அறிமுகப்படுத்தினார்கள். முடிவில்லாத சாகசம்! முடிவில்லாத வேலை ஏற்கெனவே எனக்கு இருக்கிறது, அதற்குச் சம்பளமும் வருகிறது.

சரி, நல்ல குவெஸ்ட். விட்சர் 3ல், ஒயிட் ஆர்ச்சர்டில், ஒரு கிழவி. பூட்டிய வீட்டுக்குள் தன் வாணலி மாட்டிக்கொண்டது, எடுத்துக் கொடு என்கிறாள். பேய் பிசாசை வேட்டையாடிப் பிழைக்கிற கெரால்ட்டிடம் வாணலி! கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கிறது. வாணலி கரியே இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. யாரோ அடிக்கரியைச் சுரண்டி மை செய்திருக்கிறார்கள். மை எதற்கு? என்ன எழுதினார்கள்? அதெல்லாம் ஒரு போரின் ஓரத்தில் நடந்து முடிந்த ஏதோ ரகசியம். கிழவிக்கு அதில் அக்கறை இல்லை, அவளுக்கு வாணலி வேண்டும். கொடுத்ததும் சுத்தமாகத் தேய்த்துக்கூட வைத்திருக்கிறானே என்று அவளுக்குத் திருப்தி. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. இதில் நான் கவனித்தது என்னவென்றால், அந்தக் கிழவியைத் தாண்டிப் போகலாம். போனால் பின்னாலேயே வர மாட்டாள். அவள்தான் கேட்கிறாள், நாம்தான் முடிவு செய்கிறோம். என் கருத்து இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது, ஆனால் அதை விளக்க டெல்ஃபினைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டெல்ஃபினுக்கு முன்னால், மறுபடி ஸ்கைரிமிலேயே, மெரிடியா. ஏதோ ஒரு குகையில் ஏதோ ஒரு பெட்டியைத் திறக்கிறோம், பொன்னும் வெங்காயமும் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை உருண்டை. ‘எல்லாவற்றையும் எடு’ என்று பழக்கதோஷத்தில் ஒரு அமுக்கு. உடனே வானத்திலிருந்து ஒரு தெய்வம் அதட்ட ஆரம்பிக்கிறது. இதை எங்கே கீழே போடுவது என்று பார்த்தால், போட முடியாது. குவெஸ்ட் பொருளாம். நான் சம்மதிக்கவே இல்லையே? பெட்டியைத் திறந்தது சம்மதமாம். தெருவில் துண்டுச் சீட்டு கொடுக்கிறவனுக்கு இருக்கும் நாகரிகம்கூட இல்லை. அவன் சீட்டையாவது கசக்கி எறியலாம்.

டெல்ஃபின் அதற்கும் மேல். பார்தர்நாக்ஸ் என்று ஒரு கிழட்டு டிராகன், ஒரு காலத்தில் ஆல்டுவினுக்கு வலதுகை. மனம் மாறி, மனிதருக்கு அந்தக் குரல் வித்தையைக் கற்றுக்கொடுத்து, பனிமலையில் தனியாக உட்கார்ந்திருப்பவர். அந்த கேமில் என்னிடம் பொறுமையாகப் பேசிய ஒரே ஆத்மா. அவரைக் கொல்ல வேண்டும் என்கிறார் டெல்ஃபின். முடியாது என்றால், கொன்றால்தான் இனி உதவி என்கிறார். உலகத்தைத் தின்ன வந்த அந்த ஆல்டுவினையே வீழ்த்தியவன் நான்; அம்மணி சத்திரம் நடத்தியவர். மறுத்துவிட்டு வந்தாலும் அந்த வேலை பட்டியலிலிருந்து போகாது, செய்யாமல் விட்ட வீட்டுப்பாடம் மாதிரி அங்கேயே கிடக்கும். இதற்கென்றே ஒருவர் மாட் எழுதி, ‘நான் சொன்னதைக் கேள்’ என்று டெல்ஃபினிடம் திருப்பிச் சொல்ல வழி செய்தார். ஊரே அதை இறக்கிக்கொண்டது. எனக்கு அதைப் போட பயம், சந்தையில் ஏற்கெனவே தலைகள் இல்லை.

ஆகவே நேரடியாகவே பேசிவிடுவது என்று போய் டெல்ஃபினை வெட்டினேன். லிடியா என்றால் ஒரு தவறிய நெருப்புக்கே போய்விடுகிறாள். இவர் மண்டியிட்டார், இரண்டு மூச்சு வாங்கினார், எழுந்தார். எசென்ஷியல் பாத்திரமாம், சாக மாட்டாராம். வாளை உறையில் போட்டுவிட்டு பேச்சுக் கொடுத்தேன். பார்தர்நாக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறாராமே என்று ஆரம்பித்தார்.