பளபள ரூபாய்க்காரர்

முதல்தரமான நிக்கல் ரூபாய் கிடைப்பது அரிது. காரணங்கள் இரண்டு: ஒன்று உலோகம், மற்றொன்று பழைய காசு சேர்க்கும் காசுக்காரர். உலோகத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். காசுக்காரர் அவ்வளவு சீக்கிரம் ஆளை விடமாட்டார்.

குடியரசின் முதல் ரூபாய் 1950-இல் வந்தது. சுத்த நிக்கல், எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. ஒரு பக்கம் அசோகர் தூணின் சிங்கங்கள், மறுபக்கம் இரண்டு கதிர்கள். அதன் பிறகு 1954, 1962, கடைசியாக 1970 முதல் 1974 வரை என்று விட்டுவிட்டு அடித்தார்கள். 1962-இல் எடை 10 கிராமாகக் குறைந்தது. 1975-இல் முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த காசு வந்துவிட்டது. நிக்கல் முரட்டு உலோகம். வெள்ளி 962 டிகிரியில் உருகும். நிக்கலுக்கு 1455 வேண்டும். அடிக்கும்போதும் அதே முரண்டுதான், அச்சு சீக்கிரம் தேய்ந்துபோகும். தேய்ந்த அச்சில் அடித்த ரூபாயில் சிங்கத்தின் பிடரி பிறக்கும்போதே மொழுக்கையாக இருக்கும். நன்றாக விழுந்த காசும் மூட்டையில் மற்ற காசுகளோடு உருண்டு இடிபட்டுத்தான் ஊர் வந்து சேரும். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய் என்பது செலவுக்கான பணம். புதுக்கருக்கு கலையாமல் இருக்கட்டும் என்று எடுத்துப் பூட்டி வைக்கும் வசதி யாருக்கும் இருக்கவில்லை.

இத்தனையும் தாண்டிச் சில ரூபாய்கள் தப்பிப் பிழைத்தன. உத்திரமேரூர்ப் பக்கம் மானாம்பதியிலோ சாலவாக்கத்திலோ ஏதோ ஒரு பாட்டியின் சுருக்குப்பையில், நெல் குதிருக்கு அடியில் வைத்த தகர டப்பாவில், மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக் காணிக்கையில், கை படாமல் எழுபது வருஷம் கிடந்தன. காசுக்காரர் இவற்றைத்தான் தேடிப் போகிறார்.

உத்திரமேரூர்க் காசுக்காரர் அநேகமாகப் பணி ஓய்வு பெற்றவர். மாலையில் வீட்டு நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். சட்டைப்பையில் ஒரு காந்தம் இருக்கும். சுத்த நிக்கல் காந்தத்தில் ஒட்டும், செம்பு கலந்தது ஒட்டாது என்பது அவர் நெடுங்காலம் கட்டிக் காத்த ரகசியம். 1992-இல் எஃகு ரூபாய் வந்து புது ரூபாயெல்லாம் காந்தத்தில் ஒட்டத் தொடங்கியது முதல் அரசாங்கத்தின் மேல் அவருக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்து ரூபாய் நாணயம் பதினான்கு வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்த பிறகும் அதை வாங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் கடைகள் ஊரில் இருந்தன. அப்படிப்பட்ட கடையிலேயே நின்று, கல்லாவில் கிடக்கும் ஒரு பழைய ஒரு ரூபாயை நூறு ரூபாய் நோட்டு நீட்டி வாங்குகிறவர் அவர்.

வாங்கிய காசு வீடு வந்ததும் முதல் காரியம், குளிப்பாட்டுவது.

இதற்குப் படிகள் உண்டு. முதலில் புளி. சாமி விளக்கும் பித்தளைச் சொம்பும் புளி பட்டதும் பொன்னாக மாறுவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் என்பதால் அவருக்கு இதில் சந்தேகமே கிடையாது. கொட்டைப்பாக்கு அளவு புளியைக் கரைத்து, காசை அதில் போட்டுவிட்டு டீ குடிப்பார். பித்தளைக்கு நடக்கும் அற்புதம் நிக்கலுக்கு நடப்பதில்லை. செம்பும் துத்தநாகமும் புளிப்புக்கு வழிவிடும். நிக்கல் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். புளி இந்த இடத்தில் தோற்றது காசின் அதிர்ஷ்டம். காசுக்காரர் இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அவர் நிறுத்துவதில்லை. அடுத்தது எலுமிச்சையும் கல்லுப்பும். அதற்கும் மசியாவிட்டால் திருநீறு. திருநீறு மென்மையானது, சாமி பிரசாதம், காசுக்குக் கெடுதல் செய்யாது என்பது அவர் வாதம். நுண்ணிய தூள் எதுவாக இருந்தாலும் விரலை வைத்து அழுத்தித் தேய்த்தால் அது அரம்தான் என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. திருநீற்றுக்குப் பிறகு பற்பசை, அதற்கும் பிறகு பாத்திரம் தேய்க்கும் பவுடர். கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைப்பதைப் போல அப்படியொரு பக்தியோடு, வட்டம் வட்டமாக, உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார். சிங்கத்தின் மூக்கு, பிடரி, கதிர்மணி என்று ஒவ்வொன்றாகக் கவனித்துத் தேய்ப்பார். கவனம் அதிகமாக அதிகமாகச் சேதமும் அதிகம்.

“சாமி சொம்பு தேய்க்கப் புளி இல்லைன்னு நேத்துதான் சொன்னேன். உங்க காசுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?” என்று வீட்டுக்குள்ளிருந்து கேட்கும்.

“இது என்ன விலை போகும்னு தெரியுமா உனக்கு?”

“புளி என்ன விலைன்னு தெரியும்.”

கடைசியில் ஈரம் துடைத்து, வேட்டி முனையால் ஒரு மெருகு கொடுத்து, வருகிறவர்களிடம் நீட்டுவார். “எப்பிடி மின்னுது பாரு தம்பி, நேத்து அடிச்ச மாதிரி கீது.” மின்னுவது உண்மைதான். ஆனால் நாணயச்சாலையிலிருந்து வந்த புதுக்காசின் மினுக்கம் வேறு வகை. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத கோடுகள் விழுகின்றன. காசை விளக்கொளியில் சாய்த்துத் திருப்பினால் அந்தக் கோடுகளில் ஒளி சக்கரம்போல் சுழலும். தேய்த்த காசில் ஒளி சுழலாது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளபளக்கும். ஒரு முறை அழிந்த அந்தக் கோடுகளை மீண்டும் வரவழைக்க எந்தப் பொடியாலும் முடியாது.

இந்தக் கோடுகளையும் பார்த்துத்தான் தரம் சொல்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் தன் நாட்டுப் பழைய செம்பு செண்ட்களுக்காக ஒன்று முதல் எழுபது வரை ஒரு மதிப்பெண் முறை வகுத்தார். இன்று உலகின் பல இடங்களிலும் அதுதான். புழங்காத காசு அறுபதில் தொடங்கும்; குறையே இல்லாதது எழுபது. 1986-இல் கலிபோர்னியாவில் பி.சி.ஜி.எஸ்., மறு வருஷம் என்.ஜி.சி. என்று நிறுவனங்கள் தோன்றின. கட்டணம் வாங்கிக்கொண்டு காசைப் பார்த்து, மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரை வைத்துத் தருகின்றன. காசு சேர்ப்பவர்கள் இதை ஸ்லாப் என்கிறார்கள். தேய்த்த காசை அனுப்பினால் மதிப்பெண்ணே இருக்காது. “சுத்தம் செய்யப்பட்டது” என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். காசுக்காரர் இதைப் பாராட்டுப் பத்திரம் என்றே எடுத்துக்கொள்ளக்கூடியவர்.

எழுபது என்ற எண்ணில் அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. ஊரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கிறது. 921-ஆம் ஆண்டுச் சாசனம் வாரிய உறுப்பினருக்கு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று வயது வரம்பு வைத்தது. அந்த வாரியங்களில் பொன்னைக் கவனிக்கப் பொன்வாரியம் என்று ஒன்றும் இருந்தது. இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து அவர் கண்ட முடிவு: காசுக்குத் தரம் பார்ப்பதையும் எழுபது என்ற கணக்கையும் அமெரிக்காக்காரன் உத்திரமேரூரிலிருந்துதான் எடுத்துப் போனான். வைகுந்தப் பெருமாள் கோயிலைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் தப்பிக்க வழியின்றி இதைக் கேட்கிறார்கள். சிலர் குறித்துக்கொண்டும் போகிறார்கள்.

தரச் சான்று நிறுவனங்கள் எந்தக் காசு எத்தனை, எந்தத் தரத்தில் தங்களிடம் வந்தது என்று கணக்கு வெளியிடுகின்றன. ஓர் ஆண்டின் ரூபாய்க்கு உச்ச மதிப்பெண்ணில் ஒன்றே ஒன்று பதிவாகியிருந்தால் அது உலகத்திலேயே ஒன்று என்று காசுக்காரர் அறிவிப்பார். பதிவானது ஒன்று என்பதுதான் அதற்குப் பொருள். அமெரிக்காவுக்கு அனுப்பித் திருப்பி வாங்கும் கட்டணமும் தபால் செலவும் ஒரு சாதாரண நிக்கல் ரூபாயின் விலையைப்போலப் பல மடங்கு. ஆகவே அதிகம் பேர் அனுப்புவதில்லை. அனுப்பாததால் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாததால் அரிது என்று பேசப்படுகிறது. இந்த அரிதில் ஒரு பகுதி நிஜம், ஒரு பகுதி தபால் செலவு.

எத்தனை காசு அடித்தார்கள் என்பதும் முழுக் காரணம் ஆகாது. அமெரிக்காவின் ஐந்து செண்ட் காசுக்கு நிக்கல் என்றே பெயர். 1950-இல் டென்வர் நாணயச்சாலை அதில் சுமார் 26 லட்சம்தான் அடித்தது. குறைவு என்று செய்தி பரவியதும் மக்கள் சுருள் சுருளாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். அதனால் அந்தப் புதுக்காசு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1953-இல் சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலை அடித்ததோ சுமார் 1.9 கோடி. ஆனால் அதன் பின்பக்கத்தில் இருக்கும் முன்னாள் அதிபர் ஜெபர்சன் வீட்டின் வாசற்படிகள் முழுசாக விழுந்த காசைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. 1950 காசை வாங்கியவர்கள் அதைச் சுருளோடு சும்மா வைத்தார்கள். சும்மா வைப்பது என்ற கலை உத்திரமேரூர்க் காசுக்காரருக்குக் கைவரவில்லை.

இதுவரை சிரித்தது போதும். பாட்டி வீட்டு டப்பாவில் வறட்சி, வெள்ளம், மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினை எல்லாம் தாண்டி நின்ற காசு, அதை நேசிக்கிறேன் என்று சொல்லும் ஒருவர் கையில் பத்து நிமிஷத்தில் கெடுகிறது. திருடன் எடுத்திருந்தால்கூட அப்படியே விற்றிருப்பான், காசு எங்காவது பிழைத்திருக்கும். எத்தனை பேர் சொன்னாலும், பூதக்கண்ணாடியில் கீறலைக் காட்டினாலும், அடுத்த வாரம் இன்னொரு டப்பா, இன்னொரு கிண்ணம் புளி. தாங்க முடியாத எரிச்சல் இது.

அவர் பேராசைக்காரர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2012-இன் வைஷ்ணவ தேவி நாணயம் லட்சக்கணக்கில் போகும் என்று செல்போனில் படம் வரும்போது நம்புவார், உண்மைதான். பழைய காசு வாங்குகிறோம் விற்கிறோம் என்ற மோசடி அழைப்புகளில் சிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது தன்னைப் போன்றவர்களுக்கு அல்ல என்றும் நினைப்பார். ஆனால் அவர் விற்று ஒருவரும் பார்த்ததில்லை. தெருப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் அடித்த இடம் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா என்று சொல்லிக்கொடுப்பார். சரியாகச் சொன்ன பிள்ளைக்குக் காளை போட்ட சதுர அரையணா ஒன்று இனாம். அணா, பைசாக் கணக்கு தெரிந்த பிள்ளைகள் அந்தத் தெருவில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

எப்போதாவது விலை கேட்பதற்காகவே சென்னை வியாபாரி ஒருவரிடம் ஆல்பத்தைக் கொண்டுபோவார். வியாபாரி கண்ணாடியைக் கண்ணில் வைத்து, காசை ஒரு தடவை சாய்த்துப் பார்த்து, “கழுவிட்டீங்களே ஐயா” என்று திருப்பிக் கொடுப்பார். அதற்குமேல் பேச்சு இருக்காது. காசுக்காரர் செங்கல்பட்டு வழியாக பஸ் பிடித்து ஊர் திரும்புவார். வியாபாரி விலையைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்கிறான் என்று வழியெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரிடம் விளக்குவார். வீடு வந்ததும், கண்ணாடி வைத்துப் பார்த்தபோது வியாபாரியின் கட்டைவிரல் ரேகை சிங்கத்தின் மேல் பட்டுவிட்டது என்று கண்டுபிடிப்பார். ரேகை போக வேண்டுமே. புளி எங்கே என்று கேட்பார்.