டைட்டஸ் ஐயா கட்டிய ஊர்

1830களில் லிவர்பூல் துறைமுகக் கிடங்கில் அல்பாகா ரோம மூட்டைகள் சீந்துவாரில்லாமல் கிடந்தன. பிராட்ஃபோர்டுக் கம்பளி முதலாளி டைட்டஸ் சால்ட் அவற்றை வாங்கிப் பளபளக்கும் துணியாக நெய்தார். விக்டோரியா மகாராணியே தான் வளர்த்த இரண்டு அல்பாகாக்களின் ரோமத்தை அவரிடம் கொடுத்தனுப்பி நெய்யச் சொன்னார். ராணி உடுத்திய பிறகு மற்றச் சீமாட்டிகள் சும்மா இருப்பார்களா? பணம் கொட்டியது.

பிராட்ஃபோர்டோ ஆலைப்புகையிலும் சாக்கடையிலும் நாறிக்கொண்டிருந்தது. 1848இல் சால்ட் மேயரானார், மறுவருடமே காலரா. புகையைக் குறைக்கும் கருவியைத் தன் ஆலையில் மாட்டிக் காட்டினார். சக முதலாளிகள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இருக்கிற ஊரைத் திருத்துவதைவிடப் புது ஊர் கட்டுவது சுலபம் என்று மனுஷர் கிளம்பிவிட்டார்.

1853 செப்டம்பர் 20, அவருடைய 50ஆவது பிறந்தநாள். அன்றே ஏர் ஆற்றங்கரையில் ஆலைத் திறப்பு. ஆலைக்கூடத்திலேயே 3,000 பேருக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உருளைக்கிழங்கு மட்டும் அரை டன்.

அடுத்து ஊர். தன் பெயரையும் ஆற்றின் பெயரையும் ஒட்டவைத்துச் சால்ட்டேர் என்றார். 800க்கும் மேற்பட்ட கல்வீடுகள், தண்ணீர், கேஸ் விளக்கு, வீட்டுக்கு வீடு கக்கூஸ். பிராட்ஃபோர்டின் நிலவறையில் குடித்தனம் நடத்தியவனுக்கு இது சொர்க்கம்தான், அதில் சந்தேகமில்லை. மேஸ்திரிக்குப் பெரிய வீடு, தறிக்காரனுக்குச் சின்ன வீடு. சொர்க்கத்திலும் கிரேடு உண்டு. மனைவி கரோலின் பெயரில் ஒரு தெரு. பிள்ளைகள் பதினொன்று, ஆகவே தெருப்பெயருக்குப் பஞ்சமில்லை. வரைபடம் போட்ட லாக்வுட்டுக்கும் மாசனுக்கும்கூட ஆளுக்கொரு தெரு. தறி ஓட்டியவன் பெயரில்தான் தெரு கிடையாது.

சர்ச், பள்ளி, ஆஸ்பத்திரி, குளியலறை என்று எல்லாம் கட்டிய ஐயா, மதுக்கடை மட்டும் கட்டவில்லை. தாகமெடுத்தவன் ஊர் எல்லையைத் தாண்டி நடந்தான். தெருவில் துணி காயப்போடவும் தடை. அதற்கென்று நீராவியில் ஓடும் சலவைக்கூடமே கட்டித் தந்தார். வீட்டு அழுக்கை ஊரார் முன்னால் மூட்டைகட்டித் தூக்கிப்போக எந்தப் பெண்ணுக்குத்தான் பிடிக்கும்? கொல்லையிலேயே துவைத்துக்கொண்டார்கள். முதலாளியே வீட்டுக்காரர் என்பதால், வேலை போனால் கூரையும் போகும். சங்கம் வைத்து உரிமை கேட்பதும் ஐயாவுக்கு ஆகாது. நல்லது எது என்று அவருக்கே தெரிந்திருக்க, நடுவில் எதற்குத் தரகர்?

வயதானவர்களுக்கு வாடகையில்லா வீடு, பென்ஷன் உண்டு. 1868இலேயே அப்படிச் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் நன்னடத்தைக்காரர்களுக்கு மட்டும். கிழவனாகியும் ஐயா கண்ணுக்கு நல்லபிள்ளையாகத் தெரிய வேண்டும்.

1876இல் அவர் இறந்தபோது சவ ஊர்வலத்தைப் பார்க்கத் தெருவோரம் லட்சம் பேர் நின்றார்களாம். அடுத்த இருபது வருடம்கூடத் தாங்கவில்லை. 1892இல் கம்பெனி திவால். ஆலை கைமாறி ஓடி, 1986இல் நின்றது. 2001இல் யுனெஸ்கோ ஊரையே உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. குடிக்கவிடாத ஐயாவைச் சீண்டுகிற மாதிரி, ‘டைட்டஸிடம் சொல்லாதே’ என்று பெயர் வைத்து ஒரு மதுக்கடையும் அங்கே வரும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சில வருடத்தில் வந்தேவிட்டது.

இப்போது ஆலைக்குள் டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள் தொங்குகின்றன. பிராட்ஃபோர்டில் பிறந்தவர், சிகரெட் பிடிக்கும் உரிமைக்காகப் பத்திரிகைகளில் சண்டை போட்டவர். மேயர் சால்ட்டின் புகைக்கருவி இவரிடமும் பலித்திருக்காது.